ஆளுக்கொரு சொல்

எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டித் தள்ளியதும், அதன் காம்பில் வெட்டியவனுடைய எண்ணை எழுத வேண்டும். இங்கே அதுதான் முறை. ஈரக் காம்பில் மெழுகுப் பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதினால்தான் பதியும். நெகிரி செம்பிலானுக்கு வந்த முதல் வாரத்தில் இது எனக்கு வினோதமாக இருந்தது. எங்கள் ஊரில் தேங்காய் பறித்தால் யாரும் காயில் பேர் எழுதுவதில்லை. மரம் யாருடையதோ காய் அவருடையது. இங்கே மரம் கம்பெனிக்கு, குலை கம்பெனிக்கு, எண் மட்டும் எனக்கு. அந்த எண்ணும் எனக்கென்று பிறந்ததில்லை. எனக்கு முன்னால் அது ஒரு நேப்பாளிப் பையனுடையது. மட்டை ஒன்று சரிந்து, அதன் அடிமுள் அவன் கழுத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனான். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் அவனுடைய தலைக்கவசத்தைக் கழுவி என்னிடம் கொடுத்தார். "நம்பரு மாத்த வேணா லா, பழகுன நம்பரு" என்றார். இரண்டு வருஷமாக அந்த எண்ணைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப் போல் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு எண்ணாக இருப்பவர்களுக்கும் நான் சொல்ல வந்தது பிட்காயின் கதை. கோட்டு போட்டவர்களும் கம்ப்யூட்டர் படித்தவர்களும் வாங்கி விற்கிற சரக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் நடுவிலிருக்கிற எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அதை வைத்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதற்காக ஒரு மனிதனின் தாடை உடைந்தது.

ஆரம்பித்து வைத்தவர் லோகா. லோகநாதன். குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகிற லாரியின் டிரைவர். இங்கேயே பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், கைகள் இரும்பு. மலேசியத் தமிழர்களிடம் 'கூட்டு' என்று ஒரு வழக்கம் உண்டு. நம் ஊர்ச் சீட்டுப் போலத்தான்: மாதாமாதம் எல்லோரும் காசு போட, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். எங்கள் லயத்தில் முன்பு நடந்த கூட்டின் தலைவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடிவிட்டான். அவனைப் போர்டிக்சனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்டுபிடித்து, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் கையை வைத்தார்கள் என்பார்கள். காசு திரும்ப வரவில்லை, கை வெந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு கூட்டு என்றாலே யாரும் யாரையும் நம்பவில்லை. லோகாதான் ஒரு வழி சொன்னார். "இந்தத் தடவ தலைவனே வேணா. காச பிட்காயினா மாத்திப் போட்டுருவோம். அதத் தொறக்கப் பன்னெண்டு சொல்லு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தன் ஓடுனாலும் வெறுங்கையோடதான் ஓடணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு முன்னால் பங்கீடு நடந்தது. சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு லோகா ஓட்டை போட்டிருந்தார். போனில் பன்னிரண்டு சொற்களும் தெரிகிறபோது, அட்டையை மேலே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். நாங்கள் வரிசையாகப் போய், ஒரு சொல் அளவு அட்டையை நகர்த்தி, அவரவர் சொல்லை ஓட்டையில் குனிந்து பார்த்தோம். எழுதி வைக்கக் கூடாது. கற்பூரத்தின் மேல் சத்தியம். எல்லோரும் பார்த்து முடித்ததும் லோகா போனிலிருந்து அதை அழித்தார். காசு கிடக்கிற கணக்கின் முகவரி மட்டும் எல்லோருடைய போனிலும் இருந்தது. எவ்வளவு கிடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், போடலாம், ஆனால் பன்னிரண்டு பேரும் வாய் திறக்காமல் எடுக்க முடியாது. எங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பத்திரமான பெட்டி உலகத்தில் இல்லை.

பக்கத்து நிரையில் குலை வெட்டுகிற ஸ்லாமெட் லொம்போக் தீவுக்காரர். அவரையும் கூப்பிட்டேன். "சியாப்பா ஜாகா?" என்று கேட்டார். யார் காவல் காக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் இல்லை, காவலே தேவையில்லை, அதுதான் இதன் சிறப்பு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நான் ஏதோ பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். காவல் இல்லாதது எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லிவிட்டு மறுபடி அரிவாளைத் தீட்டப் போய்விட்டார். அவர் சம்பளம் வாங்கினால் நகைக்கடைக்குப் போகிறவர்.

ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாகச் சொல்வார்கள். நாலு நம்பர் லாட்டரியில் தோற்றுத் தோற்று, இதையும் இன்னொரு நம்பராக எடுத்தவர்கள் பாதிப்பேர். உரம் போடுகிற சரசு அக்காவுக்கு நீலாயில் மகளைப் படிக்க வைக்க வேண்டும். குடிகாரப் புருஷன் உடைக்க முடியாத உண்டியல் என்பதால் வாங்கினார். முந்தின உண்டியலை அவன் அக்காவின் தலையில்தான் உடைத்திருந்தான். லோகாவுக்குச் சொந்த லாரி வேண்டும். எனக்கு பேங்கில் கணக்குத் திறக்க வழியில்லை, பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் கிடக்கிறது. நாளைக்கே வேறு நாட்டுக்குப் போனாலும் ஒரு சொல்லை எந்த விமான நிலையத்தில் சோதித்து எடுப்பார்கள்?

எனக்கு அதைவிடப் பழைய காரணமும் உண்டு. அறந்தாங்கிப் பக்கம் எங்களுக்கிருந்த கொஞ்ச நிலத்துக்கும் பங்காளி நிலத்துக்கும் நடுவில் ஒரு எல்லைக்கல். ஒவ்வொரு மழைக்கும் அது எங்கள் பக்கம் ஒரு சாண் நகரும். ஒரு காலையில் அப்பா கடப்பாரையோடு போய்க் கல்லைப் பழைய இடத்தில் நட்டார். நான் வரப்பில் நின்றிருந்தேன். பெரியப்பா மகன் அரிவாளை ஓங்கியதையும், அப்பா கையைக் குறுக்கே கொடுத்ததையும் பார்த்தேன். இரண்டு விரல்கள் வரப்பில் விழுந்தன. கோழி கொத்துவதற்கு முன்னால் அம்மா ஓடிவந்து அவற்றைத் துண்டில் பொதிந்துகொண்டாள். அதன் பிறகு கல் அவர்கள் வைத்த இடத்தில்தான் நின்றது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூர், சூரத், சார்ஜா, இங்கே. ஓரிடத்தில் கால் தரித்ததில்லை. மண்ணில் நட்டு வைக்கிற எதையும் சொந்தமாக்கிக்கொள்ள எனக்கு ஆசை வந்ததும் இல்லை.

பன்னிரண்டாவது சொல் அந்தோணி அண்ணனிடம் இருந்தது. ஐம்பது தாண்டியவர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், கற்பூரத்துக்குப் பதிலாகக் கழுத்துச் சிலுவையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர். இப்போது செண்டாயான் பக்கம் புதுவீடுகள் வரிசையாக நிற்கிற ஓரிடத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவர். அந்தத் தோட்டம் கைமாறியபோது அவருக்குப் பத்தோ பன்னிரண்டோ வயது. நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜனங்கள் நகரவில்லை. அப்புறம் ஒரு வேனில் ஆட்கள் வந்து பாராங் கத்தியால் தண்ணீர்க் குழாய்களை வெட்டினார்கள். குரைத்த நாயை வெட்டினார்கள். அவருடைய அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி எழமாட்டேன் என்றார். அவரை அடித்து, மண்டையில் ரத்தம் வழிய, நாற்காலியோடு தூக்கிச் சாலையில் வைத்தார்கள். பின்னால் மண்தள்ளும் இயந்திரம் வந்து வீட்டை உருட்டியது. மூன்று தலைமுறை இருந்த இடத்துக்கு அவர்களிடம் ஒரு துண்டு கிராண்ட் இல்லை. நிலப்பட்டாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"இதுக்கு எவனும் நோட்டீஸ் ஒட்ட முடியாது இல்ல?" சேரும்போது அந்தோணி அண்ணன் லோகாவிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

விலை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியபோது லயத்தில் யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை. பசியாறுகிற நேரத்தில்கூட ரொட்டியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்திருந்தார்கள். லோகாவுக்கும் லாரி முதலாளிக்கும் கைகலப்பாகி வேலை போகிற நிலை. விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார், பத்துப்பேர் தலையாட்டினோம். அந்தோணி அண்ணன் மட்டும் தலையாட்டவில்லை.

"விக்கறதுக்கா வாங்குனோம்?"

"அப்பறம் என்னாத்துக்குண்ணே? சாமி மேடையில வச்சுக் கும்புடவா?"

"ஒனக்கு லாரி வேணும்னா லாரி வாங்குற காசச் சேரு. இது எடம். எடத்த விக்க மாட்டேன்."

லோகா கெஞ்சினார், சத்தம் போட்டார், பீர் வாங்கி வந்து காலில் விழுந்தார். சரசு அக்கா மகளின் படிப்பைச் சொல்லி அழுதார். அந்தோணி அண்ணன் அசையவில்லை. அந்த வாரம் முழுவதும் அவருடைய எண் எழுதிய குலைகள் மட்டும் எண்ணப்படாமல் அழுகிக் கிடந்தன. யாரோ காம்பிலிருந்த எண்ணைச் சீவியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம், குலைகளைக் குவிக்கிற சிமெண்ட் மேடைக்கு நான் தள்ளுவண்டியோடு வந்தபோது, நான்கு பேர் அவரைக் கீழே கிடத்திப் பிடித்திருந்தார்கள். லோகா ஒரு மட்டைக் கட்டையை வைத்திருந்தார். அடித்துக்கொண்டே பேசிய விதம்தான் இன்னும் என் காதில் நிற்கிறது.

"சொல்லிருண்ணே. ஒரு சொல்லுதாண்ணே." ஒரு அடி. "ஒங்கள அடிக்க எனக்கு ஆசையாண்ணே?" இன்னொரு அடி. "சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிருங்கண்ணே."

அந்தோணி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தார். நான் வண்டியைப் போட்டுவிட்டுக் குறுக்கே விழுந்தேன். நல்லவன் என்பதால் இல்லை. அவர் செத்தால் சொல்லும் செத்துவிடும், அதோடு என் பங்கும். அதையே உரக்கக் கத்தினேன். "கொன்னுட்டா யாருகிட்டண்ணே கேப்பீங்க?" ஓங்கின கட்டை என் முன்கையில் இறங்கியது. அடுத்தது என்னைத் தாண்டி அவருடைய வாயில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த மட்டை முறிகிற சத்தம்தான், வித்தியாசம் ஒன்றுமில்லை. ரத்தமும் பல்லும் சிமெண்ட்டில் சிந்திக் கிடந்த பழங்களோடு கலந்துவிட்டன, இரண்டும் ஒரே நிறம். லோகா கட்டையைப் போட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தபடி நின்றார். எந்த வாயிலிருந்து சொல் வரவேண்டுமோ அந்த வாயை உடைத்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் கைக்குக் கட்டுப்போடும்போது மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். அந்தோணி அண்ணன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அவர் பேசமாட்டேன் என்றதால் அடித்தார்கள் என்று என் மலாயில் சொன்னேன். போலீஸ்காரருக்குப் புரியவில்லை. பேசியதற்காக அடிபட்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். யாரைப் பற்றிப் பேச வேண்டும், எந்தக் கேங், எந்தச் சரக்கு என்று கேட்டார். ஒரு சொல் என்றேன். என்ன சொல்? எனக்குத் தெரியாது என்றேன். நான் குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தார். அப்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து அந்தோணி அண்ணன் கையைத் தூக்கி, மேலிருந்து ஏதோ தன் முகத்தில் விழுந்ததாகச் சைகை காட்டினார். "ஓ, குலை விழுந்ததா?" என்றார் போலீஸ்காரர். அண்ணன் தலையாட்டினார். அப்படியே எழுதிக்கொண்டு போனார். ஏன் அப்படிக் காட்டினீர்கள் என்று நான் கேட்டபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடையைக் கம்பியால் கட்டினார்கள். கை நன்றாகத்தான் இருந்தது, எழுதிக் காட்டியிருக்கலாம். தாளும் பேனாவும் கொடுத்தனுப்பினார் லோகா. அண்ணன் அந்தத் தாளில் கஞ்சி டம்ளரை வைத்துக்கொண்டார்.

அழித்த சொற்களை அந்தப் பழைய போனிலிருந்தே மீட்க முடியுமா என்று கேட்கத்தான் நீலாயில் ஒரு போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஆ லெக் சீனர், ஆனால் தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். கதையைக் கேட்டுவிட்டு, "எத்தன சொல்லு இருக்கு ஒங்கிட்ட?" என்றார்.

"பதினொண்ணு. கடைசி ஒண்ணு இல்ல" என்றார் லோகா.

ஆ லெக் சிரிக்க ஆரம்பித்தார். "பதினொண்ணு இருக்கா? அப்பறம் ஏன் லா மனுசன அடிச்சே?"

அந்தச் சொற்கள் எல்லாமே உலகத்துக்குத் தெரிந்த ஒரு பட்டியலிலிருந்துதான் வருகின்றன, அதில் மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள், பதினொன்று கையில் இருந்தால் மீதி ஒன்றைக் கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடும், ஒரு டீ, இவர்கள் பேச்சில் தே, குடித்து முடிப்பதற்குள் என்றார். லோகா மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து மட்டும் இருந்தா?" என்று கேட்டது சரசு அக்கா.

"கொஞ்ச நேரம் கூட ஆகும். அவ்வளவுதான்."

நாங்கள் பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பத்துப்பேர் சேர்ந்தால் மற்ற இரண்டு பேரைத் தூக்கி எறியலாம் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யார் அந்த இரண்டு பேர் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டது கண்ணில் தெரிந்தது. ஒருவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். லோகா இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து ஆ லெக்கின் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்பவே. எல்லாரு முன்னுக்கும். எவனும் வெளிய போகக் கூடாது." ஆ லெக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. கோயிலில் போனது போலவே வரிசையாகப் போனோம். இந்தமுறை அட்டை இல்லை, எல்லோரும் பார்க்க அவரவர் சொல்லைத் தட்டினோம். தே ஆறுவதற்குள் பன்னிரண்டாவது சொல் திரையில் வந்தது. சந்தையில் கேட்டால் ஒரு வெள்ளிக் காசு பெறாத சாதாரண ஆங்கில வார்த்தை. அதற்காகவா என்று யாரோ முனகினார்கள்.

காசு லோகாவின் கணக்குக்குப் போய்ப் பிரிந்தது. அனுப்புவதற்கு முன், அந்தோணி அண்ணனின் பங்கை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். "அவரு விக்கல இல்ல? அவரோடது அங்கயே கெடக்கட்டும்." வெட்கமோ பயமோ, லோகா சரி என்றார். என்னுடையதையும் விட்டுவைக்கச் சொன்னேன். எனக்குக் கணக்கு இல்லை, லோகா கையில் கிடப்பதற்கு அங்கே கிடக்கலாம். தவிர, ஒற்றை ஆளின் பங்கு என்றால் எவனுக்கும் கை நீளும். இரண்டாவது ஆள் தோளில் அரிவாளோடு தினமும் எதிரே வருகிறான் என்றால் கொஞ்சம் யோசிப்பான். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன்.

தாடைக் கம்பியை எடுத்துவிட்டு அந்தோணி அண்ணன் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மேடையில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். நீங்கள் காத்த சொல் இப்போது பதினொரு பேருக்கும் ஒரு கடைக்காரனுக்கும் தெரியும், இன்றைக்கே புதிதாக ஒரு கணக்குத் திறந்து, புதுச் சொற்களோடு, உங்கள் பங்கை அங்கே மாற்றிவிடலாம் என்றேன். போனையும் எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போகச் சொல்ற?" கோணல் வாயில் சொற்கள் எச்சிலோடு வந்தன. "அங்கேருந்து எழுப்புனான், மாடி ப்ளாட்டுக்குப் போனோம். ப்ளாட்டுலேருந்து இங்க. ஒவ்வொரு தடவையும் புது எடம் நல்லா இருக்கும்னுதான் சொன்னானுங்க. இந்தத் தடவ நான் எந்திரிக்கறதா இல்ல."

"திருடிருவானுங்கண்ணே."

"திருடட்டும் லா. எவன்னு பாக்கறேன். நீ வேணும்னா மாத்திக்க ஊர்க்காரா. நீ போற ஆளுதானே."

பிழைப்புக்கு உதவாத பிடிவாதம். எனக்கு இதில் ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கு என் பங்கை நான் மாற்றவில்லை. மறுநாளும் மாற்றவில்லை. நாடு விட்டு நாடு மாறியவன், ஒரு கைவிரலால் செய்கிற இடமாற்றத்தைச் செய்யாமல் இருக்கிறேன். லோகா சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கிவிட்டார். அதே மேடைக்குத்தான் வருகிறார். "பசியாறியாச்சாண்ணே?" என்று அந்தோணி அண்ணனைக் கேட்காமல் ஒருநாளும் குலையைத் தூக்குவதில்லை. அண்ணன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவருடைய அரிவாள் மட்டும் அந்த நேரத்தில் தரையில் இருக்காது, கையில் இருக்கும்.

காலையில் வேலை தொடங்குமுன் நாங்கள் இருவரும் போனைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. திறந்து போட்ட வீட்டில் இரண்டு பேரின் சாமான் அப்படியே இருக்கிறது. ஸ்லாமெட் முன்பு சலாம் சொல்வார். இப்போது எங்களைக் கண்டால் "மாசே ஆடா?" என்று கேட்கிறார். இன்னும் இருக்கிறதா என்று அர்த்தம். ஆடா என்று பதில் சொன்னால், இருக்கிறது.

இன்று காலை மேடையில் நின்றுகொண்டிருக்கும்போது ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். பெரியப்பா மகன் கல்லை மறுபடி நகர்த்திவிட்டானாம். வக்கீலுக்குக் காசு வேண்டும், இல்லாவிட்டால் நீயே வா, இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று மூச்சிரைக்கப் பேசினான். பின்னால் அம்மாவின் அழுகைச் சத்தம். போனைக் காதில் வைத்தபடியே, அன்றைய முதல் குலையைக் காலால் அணைத்துப் பிடித்து, செத்தவனின் எண்ணை அதன் காம்பில் எழுதிக்கொண்டிருந்தேன். உடைந்து கூடிய முன்கை இன்னும் அழுத்தத்துக்கு வலிக்கிறது. "அண்ணே, நம்ம எடம்ணே. இருக்கியா? கேக்குதா?" என்றான் தம்பி. அதே நேரத்தில் எதிர் நிரையிலிருந்து ஸ்லாமெட் கையை உயர்த்தி அவருடைய கேள்வியைக் கேட்டார்.

"ஆடா" என்றேன்.

"என்னண்ணே சொல்ற?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.